ஆணி இல்லாத செருப்பு

தம்பி,

இந்தக் கடிதத்தை உறையில் போட்டிருக்கிறேன், ஒட்டவில்லை. பேக்டரிக்கு உனக்குச் சாப்பாடு எடுத்து வருகிறவர் கையில், கேரியரோடு சேர்த்துக் கொடுத்தனுப்புகிறேன். வழியில் அவர் பிரித்துப் பார்த்தாலும் சரி, ஆபீசில் உன் சித்தப்பா பிரித்துப் பார்த்தாலும் சரி, எனக்கு ஒன்றுமில்லை. ஒட்டி மூடி வைத்த விஷயங்களுக்கு நடுவிலேயே இந்த வீட்டில் என் கலியாண வாழ்க்கை முழுவதும் போய்விட்டது. பெற்ற மகனுக்கு எழுதுவதாவது திறந்து கிடக்கட்டும்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். பேசிப் பார்த்தேனே. முழுதாகக் கேட்காமல் பாதியில் எழுந்து, "சீசன் நேரம்மா, லோடு நிக்குது" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டாய். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் நான் எழும் முன்பே கிளம்பிவிடுகிறாய். காகிதத்திடமிருந்து அப்படி எழுந்து போக முடியாது என்று ஒரு நம்பிக்கை. எனக்கு முப்பத்தெட்டு வயதாகிறது. விதவை என்றதும் எல்லாரும் என்னைக் கிழவியாக்கிவிட்டார்கள். ஆனால் நான் இன்னும் கோபப்படக்கூடிய வயதில்தான் இருக்கிறேன். அதை மனதில் வைத்துக்கொண்டு படி.

ஆவணி மாதம் விருதுநகருக்குப் பெண் பார்க்கப் போனோமே, அங்கிருந்தே தொடங்குகிறேன். பஜாருக்குப் பின்தெருவில் அந்தப் பருப்புக் கடைக்காரர் வீடு. நீயும் சித்தப்பாவும் கூடத்தில், நான் பெண்களோடு உள்ளறையில். நடுவில் கதவு திறந்துதான் இருந்தது. பெண்ணின் அம்மா என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, "மதினி, கேக்கேன்னு தப்பா நெனைக்காதீக. தம்பியோட அப்பா எதுல தவறுனாக?" என்று கேட்டார். நான் மறைக்கவில்லை. "நெஞ்சடைப்புதான். ஆனா அவுகளுக்குச் சின்ன வயசிலேயே சீனி வியாதி இருந்துச்சு. அதுலதான் நெஞ்சும் கெட்டுச்சு" என்றேன். கூடத்தில் சித்தப்பா இருமினார். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் தன் வளையலைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, "தம்பிக்கு?" என்றார். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, "அவனுக்கு அப்படி ஒண்ணுமில்ல. பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டுதான இருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்றேன். நீ கூடத்தில் இரண்டாவது தடவை வைத்த கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். தலையைத் தூக்கி, கதவு வழியாக என்னைப் பார்த்தாய். பிறகு குனிந்து மறுபடியும் சாப்பிட்டாய். பெண் பார்க்க வந்த இடத்துக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் கண்ணாடி மாற்ற மதுரைக்குப் போனபோது, அப்பாவைப் பார்த்த டாக்டரிடம் எட்டிப் பார்த்து ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வரலாம் என்று போனேன். அவர் என்னைக் கண்டதும் சந்தோஷமாக, "வாங்கம்மா. பையன் மாத்திரையை ஒழுங்காப் போடுறானா? சித்திரையில வந்தப்பவே சீனி பாத்த குழாயில செங்கல் நிறம் காட்டுச்சு. கொஞ்சம் கண்டிச்சு வையுங்க" என்றார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "உங்ககிட்டச் சொல்லலையா?" என்று மெதுவாகக் கேட்டார். "சொன்னான் டாக்டர், சொன்னான்" என்றேன். பொய் சொன்ன பிள்ளையை இன்னொரு பொய்யால் மூடிவிட்டு, மூக்கில் புதுக் கண்ணாடியோடு பஸ் ஏறினேன். சித்திரையில் உனக்குத் தெரியும். ஆவணியில் நான் அந்த வீட்டில் "இல்லை" என்றேன். அதைக் கேட்டுக்கொண்டே நீ கேசரி தின்றாய். பஸ்ஸில் ஊர் வந்து சேரும் வரை எனக்குள் ஓடியது இதுதான்.

வீட்டுக்கு வந்ததும் உன்னிடம் கேட்டேன். நீ ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "யாரு சொன்னா?" என்றாய். அச்சு அசலாக உன் அப்பா. விஷயம் பெரிதில்லை, வெளியே போனதுதான் பெரிது. அப்புறம் தணிந்த குரலில், "கல்யாணம் முடியட்டும்மா. பெறகு நானே அவகிட்டப் பக்குவமாச் சொல்லிக்கிடுதேன். நீங்க மட்டும் வாயைத் திறந்துராதீக" என்றாய். முன்னாலேயே சொன்னால் என்ன என்றதற்கு, "சொன்னா யாரு பொண்ணு குடுப்பா? அப்பா அம்புட்டு நாள் மறைச்சதே எனக்காகத்தான. நீங்க ஒரே நாள்ல கவுத்துராதீக" என்றாய். அதைச் சொல்லிவிட்டுத்தான் லோடு நிற்கிறது என்று போனாய்.

அப்பா எப்படி மறைத்தார் என்று உனக்குத் தெரிந்தது கடைசிக் காலம் மட்டும். முதலில் இருந்து நான் சொல்கிறேன்.

எனக்குக் கலியாணம் ஆனபோது வயது பதினாறு. பாலும் பழமும் கொடுத்தபோது அவர் டம்ளரை உதட்டில் தொட்டுவிட்டு என்னிடம் நீட்டினார். எனக்காக மிச்சம் வைக்கிறார் என்று நினைத்து நான் முழுவதையும் குடித்தேன். நீ வயிற்றில் இருந்தபோது விருதுநகரில் என் அப்பா வீட்டில் வளைகாப்பு வைத்தார்கள். நல்ல நேரம் பார்த்ததில் சாப்பாடு தள்ளிப்போனது. அவர் காலையில் வீட்டிலேயே இன்சுலின் ஊசி போட்டுவிட்டு வந்திருக்கிறார். எனக்கு அப்படி ஒரு ஊசி இருப்பதே தெரியாது. பந்திக்கு முன்னால் திடீரென்று அவருக்குக் கொட்டு கொட்டென்று வேர்த்தது. பேச்சு குழறியது. என் அண்ணன் பக்கத்தில் இருந்தவரிடம், "மாப்பிள்ள காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டாக போல" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். உன் அப்பாவைப் பெற்ற என் அத்தை, அடுக்களைக்குள் ஓடிப் போய் ஒரு சொம்புத் தண்ணீரில் சீனியை அள்ளிப் போட்டுக் கலக்கிக்கொண்டு வந்து அவர் வாயில் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து உட்கார்ந்து, ஒன்றும் நடக்காதது போல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். கை நிறைய வளையலோடு மணையில் உட்கார்ந்திருந்த நான், அந்தக் கூட்டத்தில் இதற்கு ஆச்சரியப்படாத ஒரே ஆள் என் அத்தைதான் என்பதைப் பார்த்தேன்.

புறவாசலில் அத்தையைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "அத்தை, உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியாமயா சீனியக் கரைச்சேன்?"

"பின்ன ஏன் எங்ககிட்டச் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ கழுத்த நீட்டியிருப்பியா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சந்தையில் காய் எடுக்கும் விதத்தைச் சின்னப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுப்பது போலச் சொன்னார்.

நீட்டியிருப்பேனோ என்னவோ, தம்பி. இத்தனை வருஷமாக யோசித்துவிட்டேன், இன்றைக்கும் தெரியவில்லை. உன் அப்பா நல்ல மனிதர். மதுரைக்குச் சரக்கு விஷயமாகப் போகும்போதெல்லாம் எனக்குப் புத்தகம் வாங்கி வருவார். கடைக்காரரிடம் "தடிமனா இருக்கறதாக் குடுங்க, எங்க வீட்டுல சீக்கிரம் முடிச்சிருது" என்பாராம். முன்கூட்டியே தெரிந்திருந்தாலும் சரி என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆனால் அந்தச் சரியைச் சொல்லும் இடத்தில் என்னை நிற்கவே விடவில்லை. எனக்குச் சேர வேண்டியதை என்னிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். அது திரும்பி வரவே இல்லை.

அன்று சாயங்காலம் அவர் புறவாசலுக்கு வந்து, "இனிமே உங்கிட்ட எதையும் மறைக்க மாட்டேன். போதுமா?" என்றார். போதும் என்று நம்பினேன். ஊசி போடக் கற்றுக்கொண்டேன். கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைத்து எடுப்பதும், சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் குழாயைச் சுட வைத்து நிறம் பார்ப்பதும் என் வேலை ஆகின. நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று ஏறி, செங்கல் நிறம் வந்தால் சீனி மிதமிஞ்சிப் போகிறது என்று அர்த்தம். அவர் எட்டிப் பார்த்து, "நம்ம மத்தாப்புக் கலர் எல்லாம் இதுல வந்துருது. வடக்க ஒரு ஆர்டர் பிடிச்சிருவமா?" என்பார். நானும் சிரிப்பேன். டாக்டர்களுக்கென்று எழுதிய இங்கிலீஷ் புத்தகங்களை அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். சீனி என்பது சாப்பாட்டோடு நிற்கிற சங்கதி இல்லை, அது ரத்தக் குழாய்களை உள்ளுக்குள் வருஷக் கணக்கில் கெடுத்துக்கொண்டே போகும் என்று அவற்றில்தான் முதலில் படித்தேன்.

உனக்கு விவரம் தெரிந்த காலத்தில் அவரை மதுரைக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, ஊசி முனையால் உள்ளங்காலில் குத்தினார். "எந்த எடத்துல குத்துறேன்னு சொல்லுங்க" என்றார். "நீங்க இன்னும் ஆரம்பிக்கலையே டாக்டர்" என்றார் உன் அப்பா, சிரித்தபடி. பெருவிரலுக்குக் கீழே சின்னதாக ஒரு ரத்தப் பொட்டு வந்திருந்தது. அதை நான் பார்த்தேன். பிறகு டாக்டர் பாதத்தின் மேல் விரல் வைத்து நாடி தேடினார். வலது காலில் கிடைத்தது. இடது காலில் வெகுநேரம் தேடிவிட்டுக் கையை எடுத்துவிட்டார். "உணர்ச்சி போயிருக்கு, ரத்த ஓட்டமும் கொறஞ்சிருக்கு. ஒரு கல்லு குத்தினாக்கூட இவருக்குத் தெரியாது, புண்ணு வந்தா ஆறாது. செருப்பில்லாம ஓரடி வைக்கக் கூடாது" என்றவர், என்னைப் பார்த்து, "காலுக்குப் போறதும் நெஞ்சுக்குப் போறதும் ஒரே ரத்தம்தான்மா. இங்க குழாய் சுருங்கினா அங்கயும் சுருங்கிக்கிட்டிருக்குன்னு வச்சுக்குங்க" என்றார்.

செருப்பில்லாமல் நடக்கக் கூடாது என்பதை வேறு எந்த ஊர் முதலாளியிடமும் சொல்லிவிடலாம். நம் பட்டாசுத் தொழிலில் செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். செருப்பின் ஆணி கல்லில் உரசி ஒரு பொறி பறந்தால் வெடிமருந்து கலக்கும் அறை இருக்காது. கூலியாட்கள் முதல் முதலாளி வரை வெறுங்கால்தான். உன் அப்பாவுக்கு அதில் ஒரு பெருமையே உண்டு. சித்திரை வெயிலில் கரிசல் மண் கொதிக்கும்போது மற்றவர்கள் துள்ளித் துள்ளி ஓட, அவர் நிதானமாக நடப்பார். "மொதலாளி காலு இரும்பு" என்பார்களாம். அது உறைக்காத கால் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நான் சிவகாசியில் ஒரு செருப்புத் தைக்கிறவரிடம் போய், மேலே கித்தான் துணி, கீழே தடித்த தோல், முழுவதும் நூலால் தைத்தது, ஓர் ஆணிகூட இருக்கக் கூடாது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "தச்சுத் தாரேன். ஆனா ஆணி இல்லாட்டி மூணு மாசத்துல வாயப் பொளந்துரும். பெறகு வந்து என்னைய வையக் கூடாது" என்றார். "பொளந்தா இன்னொரு சோடி தைச்சுக்கிடுவோம்" என்றேன். உன் அப்பா அதைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்து காட்டினார். "மெத்தையில நடக்க மாதிரி இருக்கு" என்றார். தினமும் காலையில் அதைப் போட்டுக்கொண்டு காரில் ஏறினார்; இருட்டும்போது அதைப் போட்டுக்கொண்டு இறங்கினார். வருஷம் ஒன்று போயும் செருப்பு வாய் பிளக்கவில்லை. செருப்புக்காரரின் கைத்திறமையைத் தெருவில் யாரைக் கண்டாலும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் உன் அப்பாவின் குதிகால் வெடிப்பில் கரிசல் மண் அப்பியிருந்ததைப் பார்த்துக் கேட்டேன். கிணற்றடியில் நடந்தேன் என்றார். நம் கிணற்றடி மண் செம்மண். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. நம்பிக்கை வைத்த இடத்தில் கண் வேலை செய்வதில்லை.

அவர் போனதும் இதே புரட்டாசி மாதம்தான். தீபாவளிக்கு லோடு போய்க்கொண்டிருந்த நேரம். வழக்கமில்லாமல் மத்தியானம் வீட்டுக்கு வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டை முழுக்க ஈரம். "சீனி கொறஞ்சிருச்சு போல. தண்ணியக் கரைச்சுத் தா" என்றார். கரைத்துக் கொடுத்தேன். என் வளைகாப்பு நாளில் எழுந்து உட்கார்ந்த மாதிரி எழுந்து உட்காருவார் என்று பக்கத்தில் நின்றேன். அவர் எழவில்லை. மூச்சுத்தான் வாங்கியது. "நெஞ்சு வலிக்கா?" என்று கேட்டேன். "வலியெல்லாம் இல்ல. வலிச்சாச் சொல்ல மாட்டேனா?" என்றார். அதன் பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்து குழாயைச் சுட வைத்தேன். செங்கல் நிறம். சீனி குறையவே இல்லை. வேறு ஏதோ நடந்துகொண்டிருந்தது. நீயும் நானும் டிரைவரும் தூக்கி, மதுரைக்குப் போகக் காரில் ஏற்றினோம். விருதுநகர் தாண்டியதும் என் மடியில் அவர் தலை கனத்துப்போனது.

காரியம் முடிந்த பிறகு அந்த மதுரை டாக்டர் துக்கம் கேட்க வந்தாரே, நீ வாசலில் பந்தல் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் என்னிடம், "காலுல ஊசி குத்தினது தெரியாத மாதிரி, நெஞ்சுல வந்ததும் அவருக்குத் தெரியலம்மா. சீனி உள்ளவங்க சில பேருக்கு வலியே இல்லாம வரும். வேர்க்கும், மூச்சு வாங்கும், அசதியா இருக்கும், அவ்வளவுதான். இதுக்கு முன்னாடியும் ரெண்டொரு தடவ வந்திருக்கணும். யாரும் கவனிக்கலையா?" என்று கேட்டார். அப்படி எதுவும் இல்லை என்று உறுதியாகச் சொன்னேன். டாக்டர் வந்துபோன அன்றே டிரைவர் காரைக் கழுவிவிட்டு, பின்பக்கம் இருந்ததென்று அந்தச் செருப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நான் அதைத் திருப்பிப் பார்த்தேன். அடித்தோல் கடையில் வாங்கின மாதிரி வெளுத்துக் கிடந்தது. தையல் ஒன்றுகூடத் தேயவில்லை.

டிரைவர் நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீ வாசலில் நின்றாய். "ஒனக்குத் தெரியுமாலே?" என்று கேட்டேன்.

"பேக்டரி போற வழியில, நாரணாபுரத்துக்குத் திரும்புற எடத்துல கழட்டிருவாகம்மா" என்றாய். "வடக்க இருந்து வந்த ஏஜெண்டு, மொதலாளிக்குக் காலுல என்ன சீக்குன்னு கேட்டுட்டாராம். நாளைக்கு நம்ம பயலுக்குப் பொண்ணு பேசணும்ல, ஊருக்குத் தெரியக் கூடாதுன்னாக. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னாக." அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு, "லோடு ஏத்துற எடத்துல ரெண்டு தடவ வேத்துப்போய் உக்காந்துட்டாக. அதையும் சொல்லக் கூடாதுன்னாக" என்றாய்.

அன்று உனக்குப் பதினாறு வயது. நான் உன்னை ஒரு வார்த்தை வையவில்லை. இழுத்து அணைத்துக்கொண்டேன், நினைவிருக்கிறதா? அப்பா சொன்னதை மகன் கேட்டான், அதில் பிள்ளையின் தப்பு என்ன? இன்றைக்கும் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. நான் ஊசியைக் கொதிக்க வைத்துக்கொண்டும் நிறம் பார்த்துக்கொண்டும் இருந்த அத்தனை காலமும், இந்த வீட்டு ஆண்கள் தங்களுக்குள் ஓர் உடன்பாடு வைத்திருந்தார்கள். அந்த உயிரைக் காப்பாற்ற யாருக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் தெரிய வேண்டுமோ, அவளுக்கு மட்டும் தெரியக் கூடாது என்பது அந்த உடன்பாடு. அந்த இரண்டு தடவையில் ஒன்றை நான் அறிந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று சொல்ல மாட்டேன். அது எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஆனால் அன்று மத்தியானம் நாற்காலிக்குப் பக்கத்தில் சீனித் தண்ணீரை வைத்துக்கொண்டு நின்றிருக்க மாட்டேன். அது மட்டும் தெரியும்.

இப்போது நீ, உனக்கு வயது இருபத்தொன்று, அந்த உடன்பாட்டுக்குள் என்னையும் வந்து உட்காரச் சொல்கிறாய். இல்லை, உட்கார வைத்தே விட்டாய். "எனக்குத் தெரியாதா" என்று அந்த அம்மாளிடம் நான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை நினைத்தால் இந்தக் காகிதத்தில்கூட முகத்தைக் காட்டக் கூசுகிறது. உன் அப்பா என்னிடம் மறைத்தார். ஆனால் என் வாயால் இன்னொருத்தியிடம் மறைக்கச் செய்ததில்லை. அதை நீ செய்துவிட்டாய். அவர் உனக்காக மறைத்தார் என்கிறாய். உனக்காக மறைத்ததில் உனக்கு என்ன கிடைத்தது என்று யோசித்துப் பார். அப்பா கிடைக்கவில்லை. அவர் உயிரோடு இருந்து, காலில் செருப்போடு, ஊரறிந்த சீனி வியாதிக்காரராக உன் பக்கத்தில் கூடத்தில் உட்கார்ந்திருந்தால், உனக்குப் பெண் கொடுக்க இன்னும் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். யோசித்துவிட்டுக் கொடுப்பவர்கள் கொடுத்திருப்பார்கள்.

கோபத்தோடு கோபமாக, உனக்குச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். அதில் குறை வைக்க மாட்டேன். உன் அப்பாவின் காலத்துக்கு இப்போது காலம் மேல். உனக்கு மாத்திரை இருக்கிறது, வியாதியை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் காத்திருக்காதே. நம் குடும்பத்து நெஞ்சு வலித்துச் சொல்லும் என்று நம்ப இடமில்லை. மாடிப்படி ஏறும்போது மூச்சு முட்டினால், காரணமில்லாமல் வேர்த்தால், சாப்பிடாமலே வயிறு பொருமியது போல நெஞ்சை அடைத்தால், பக்கத்தில் யார் இருந்தாலும் அவர்களிடம் சொல். சீனி குறைந்துவிட்டது என்று நீயே முடிவு கட்டிக்கொண்டு சீனித் தண்ணீரோடு உட்கார்ந்துவிடாதே. தண்ணீரைக் குடித்துக்கொண்டே டாக்டரிடம் போ. சிகரெட் பிடிக்கிறாய் என்பது உன் சட்டையைத் துவைக்கிறவளுக்குத் தெரியும். அதை விடு, அதுவும் அதே குழாய்களைத்தான் சுருக்குகிறது. ஒவ்வொரு நாளும் படுக்கும் முன் உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் பார். அந்தச் செருப்புக்காரர் இன்னும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். உன் அளவுக்கு ஒரு சோடி சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை மூன்று மாதம் ஆனதும் அடியைத் திருப்பிப் பார்ப்பேன். வாய் பிளந்திருக்க வேண்டும்.

அந்தப் பெண்ணைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். நீங்கள் கைகழுவப் போயிருந்தபோது அவள் என் பக்கத்தில் வந்து நின்று, என் பையில் துருத்திக்கொண்டிருந்த புத்தகத்தைப் பார்த்து, "அத்தை, இதை முடிச்சிட்டு எனக்குத் தருவீகளா?" என்று கேட்டாள். கலியாணம் பேசி முடிக்கும் முன்பே அத்தை என்றாள். அவள் அம்மா கண்ணை உருட்டினார். எனக்கு அந்த நிமிஷமே அவளைப் பிடித்துவிட்டது. வீட்டில் புத்தகம் பேச ஓர் ஆள் என்று எனக்குள் ஒரு சுயநலமும் உண்டு. அதனால்தான் சொல்கிறேன். நீ நினைக்கிற மாதிரி கலியாணத்துக்கு அப்புறம் பக்குவமாகச் சொல்வதென்று ஒரு நாள் வரவே வராது. உனக்கு எங்காவது வேர்த்துக் கொட்டும். யாராவது சீனியைக் கரைத்துக்கொண்டு ஓடி வருவார்கள். அவள் எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டுக் கடைசியில் என் முகத்தைப் பார்ப்பாள். அப்புறம் புறவாசலில் என்னைத் தனியாகப் பிடித்து, "அத்தை, உங்களுக்கு முன்னமே தெரியுமா?" என்பாள். அந்தக் கேள்வியைக் கேட்டவள் நான். அதற்குப் பதில் சொல்கிறவளாக நான் மாற மாட்டேன், தம்பி. உனக்காகக்கூட மாட்டேன்.

ஐப்பசியில் நிச்சயம் வைத்திருக்கிறார்கள். வருகிற வியாழக்கிழமை காலை பஸ்ஸில் நான் விருதுநகர் போகிறேன். சம்பந்தத்தை முறிக்கப் போகவில்லை, கெஞ்சவும் போகவில்லை. ஆவணியில் அந்த வீட்டில் நான் சொன்ன சொல் தப்பு என்று சொல்லி, அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போகிறேன். அதற்கப்புறம் கொடுப்பதா வேண்டாமா என்பது அவர்கள் பாடு; எல்லாவற்றுக்கும் மேல் அவள் பாடு. எனக்குக் கிடைக்காத இடத்தில் அவளாவது நின்று சரி என்றோ மாட்டேன் என்றோ சொல்லட்டும். மாட்டேன் என்றால் உனக்கு வலிக்கும். வலிக்கட்டும். வலி தெரிகிற வரைக்கும் நல்லதுதான் என்பதை இந்த வீட்டில் நான் பார்த்துவிட்டேன்.

ஆனால் இதைச் சொல்ல வேண்டியவன் நீ. உன் உடம்பைப் பற்றி உன் வாயால் அவளிடம் நீ சொல்வதற்கும், உன் அம்மா போய்க் காட்டிக்கொடுப்பதற்கும் எம்புட்டு வித்தியாசம் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீ சொன்னால் அதைக் கேட்டுவிட்டும் அவள் உன்னை நம்பக்கூடும். நான் சொன்னால் அதற்கு வழியே இருக்காது.

பஸ்ஸில் ஜன்னலோரம் நான் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் உனக்கென்று என் பையை வைத்திருப்பேன். கூட்டம் ஏறும்போது கண்டக்டர் வந்து, "இங்கன ஆளு வருதாம்மா?" என்று கேட்பார். உனக்காக ஒரு வீட்டில் ஏற்கெனவே நான் பதில் சொல்லிவிட்டேன். இனி உனக்காக எதற்கும் நான் பதில் சொல்வதாக இல்லை.

அம்மா